இருபத்தொரு சதுர கிலோமீற்றர்

மாங்குளத்தில் பஸ் ஏறி
ஒட்டுசுட்டானில் இறங்குகிற தூரம்தானாம்
அந்த நாட்டைச் சுற்றி ஓடும் தெரு.
கொண்டக்டர் மிச்சக் காசு தருவதற்குள்
ஒரு குடியரசு முடிந்துவிடும்.

தவநேசன் சொன்னது, தொலைபேசியில்.
எங்களுக்கு இரவு எட்டு
அவனுக்கு விடியப்புறம் இரண்டரை.
என் மச்சான் எப்போதும்
ஆறரை மணித்தியாலம் முன்னுக்கு நின்று
நாளைக்கும் ஒன்றும் நடக்கவில்லை
என்று அறிவிப்பான்.

நௌரு.
கமநல நிலையத்தில் பசளை மூட்டை எண்ணுகிறவன் நான்,
பெயர் கேட்ட அன்றே தேடிப் படித்தேன்.
பறவை எச்சம் என்றார்கள் சிலர்,
பழைய கடலின் வண்டல் என்றார்கள் வேறு சிலர்,
எதுவானாலும் பொஸ்பேற்று.
நூறு வருஷம் அள்ளினார்கள்.
யாரோ ஊர்களில் புல்லாய் முளைத்து
மாட்டின் வயிற்றுக்குள் போனது
ஒரு தீவின் நடுப்பகுதி.
மிச்சம் கற்கூம்புகள்,
பல்லை விட்டுவிட்டு
முரசை மட்டும் அரிந்தெடுத்ததுபோல.

"நெல்லு விதைப்பினமோ?" என்று கேட்டேன்.
சிரிப்பு வந்து சேரக் கொஞ்சம் பிந்தியது.
அரிசி கப்பலில் வருமாம்.
குடிக்கிறதுகூட
உப்புப் பிரித்த கடல்தானாம்.

மண் தீர்ந்தால் என்ன விற்பது?
தன் கடலில் மீன்பிடிக்கும் அனுமதி, பிறநாட்டுக் கப்பல்களுக்கு.
பிறகு, இடம்.
பெரிய நாடொன்று வேண்டாமென்ற ஆட்களை
வைத்திருக்க இடம்.

அன்று பின்னேரம்
இருப்புப் பதிவேட்டில், யூரியாவுக்குக் கீழே,
தவநேசன், உருப்படி ஒன்று
என்று எழுதினேன்.
வெட்டினேன்.
மை பின்பக்கம் ஊறித் தெரிந்தது.

படகுக்காசுக்கு அவன் விற்ற ஒன்றரை ஏக்கர்
முத்தையன்கட்டுத் தண்ணீர் பாயும் துண்டு.
வாங்கிய செல்வகாந்தன் நேற்று வந்தான்,
ஒரு மூட்டை ரி.எஸ்.பி. வேண்டுமாம்.
அதுவும் பொஸ்பேற்றுத்தான்,
எந்தத் தீவினது என்று
பையில் எழுதியிருக்கவில்லை.

உறுதி இன்னும் மாறவில்லை.
புது உத்தியோகத்தர் விரலை வைத்துக் கேட்டார்:
"இந்தத் தவநேசன் எங்க, ஆள் வரேல்லையோ?"

"முன்னுக்குப் போட்டார், சேர்"
என்றேன்.

நல்லது என்று தலையாட்டி
முத்திரை குத்தினார்.