ஒரு சாண் ஈரம்

சத்துவாச்சாரி, இரவு இரண்டே கால்.
ஆய்வகத்திலிருந்து ஃபோன்:
"மேடம், ரிப்போர்ட் பாதியில நிக்குது."

மூன்று பஃபர்கள்.
தலைப்புக்குப் பதினாறு பைட்,
ரத்த அளவுகளுக்கு நாலாயிரத்துச் சொச்சம்,
சரிபார்க்கக் கடைசியில் நாலே நாலு.
நினைவகத்தில் மூலைக்கொன்றாய்க் கிடக்கட்டும்,
முகவரிகளை வரிசையாய்ச் சொன்னால் போதும்,
ஒரே அழைப்பில் கர்னல் அள்ளிக்கொண்டு போகும்
என்று நம்பித்தான் தூங்கப் போயிருந்தேன்.

தெருவில் ஹாரன். தண்ணீர் லாரி.
பாலாறு நடந்துபோகிற தூரம்தான்,
தண்ணீர்தான் லாரியில் வருகிறது.

ஒரு ஹோஸ்.
எவர்சில்வர் குடம், பெயின்ட் வாளி, நீல டிரம்.
குடம் விளிம்பு தொட்ட பிறகே வாளி,
வாளிக்குப் பிறகே டிரம்.
அதில் ஒரு சாண் ஏறியதும்
தேசிங்கு வால்வை மூடினான்.
"இவ்ளோதாங்க்கா. மிச்சம் அடுத்த நடை."

சண்டைக்கு வாயெடுத்தவள்
டிரம்முக்குள் கைவிட்டு ஈரக்கோட்டைத் தொட்டேன்.
அடுத்த நடையில்
குடத்திலிருந்தா ஆரம்பிப்பான்?

மாடிக்கு ஓடினேன், செருப்பில்லாமல்.
அழைப்பு திருப்பித் தந்த எண்
மைனஸ் ஒன்றா என்று மட்டுமே
இத்தனை நாள் பார்த்திருக்கிறேன்.
இப்போது அச்சிட்டேன்: 2920.
பதினாறைக் கழி.
நடு பஃபரில் 2904 பைட் தாண்டி
என் ஈரக்கோடு.
தலைப்பை விட்டுவிட்டு
அங்கிருந்து ஒரு லூப்.

நாலு மணிக்கு முழுதாய் வந்தது:
பிலோமினா, அறுபத்தொன்று, பொட்டாசியம் ஐந்து புள்ளி எட்டு.
யாரோ அவள் வார்டுக்கு ஓடியிருப்பார்கள்.

விடிந்துவிட்டது.
டிரம்மில் இன்னும் ஒரு சாண்.
தேசிங்கு ஃபோனை எடுக்கவில்லை.