நூற்றுப் பத்து நிமிடம்

முதல் டப்பாவில் எச்சில்தான் இருந்தது,
தெளிவாய், நுரைத்து, கூச்சத்தோடு.
"இது வேண்டாம், கோழை வேண்டும்,
அடியிலிருந்து வரட்டும்" என்றேன் இந்தியில்.
கோவண்டி மருந்தகத்தின் பின்சுவர் ஓரம்
திறந்த வானத்தடியில் போய் நின்றார்.
ஜன்னல் வழியே கேட்டது:
மூன்று படி ஏறி, நின்று,
நான்காவதில் இடறி விழும் இருமல்.

இரண்டாம் டப்பாவில்
மஞ்சளாய், ஒரு நூல் சிவப்போடு.

படிவத்தில்: ஆவுடையப்பன், முப்பத்தொன்பது.
லல்லுபாய் காம்பவுண்ட்;
கட்டட எண்ணை இரண்டு முறை திருத்தியிருந்தார்.
வேலை என்ற இடத்தில் இட்லி என்று எழுதி,
அதை அடித்து, கூலி.

கரைசல் ஊற்றிக் குலுக்கினேன்.
கால்மணி கழித்து கேட்ரிட்ஜில் இறக்கினேன்.
டிபன் கேரியர் கொக்கிபோல
டக்கென்று சாத்திக்கொண்டது சின்னக் கதவு.
இனி நூற்றுப் பத்து நிமிடம்.

சாரிகா காம்ளே டீ சொன்னாள்.
மின்சாரம் ஒருமுறை கண் சிமிட்ட
பேட்டரி பிடித்துக்கொண்டது.
உள்ளே சூடேறி, ஆறி, சூடேறி,
ஒன்று இரண்டாக, இரண்டு நாலாக,
கிருமியின் ஒரே ஒரு வரியை
விடாமல் நகலெடுத்துக்கொண்டிருந்தது பெட்டி.

முன்பு ஆறு வாரம் காத்திருப்போம்.
இப்போது ஒரு சினிமா முடிவதற்குள்.
இந்த இருமலோ
மழைக்கு முன் தொடங்கியது.
மூன்று மருந்துக்கடை, ஏழு பாட்டில் சிரப்,
எதற்கும் ஊசி போடும் ஒரு டாக்டர்.
ஐப்பசியில்தான் என் மேசைக்கு வந்தது.

திரையில்:
காசநோய் உண்டு. நடுத்தர அளவு.
ரிஃபாம்பிசின் கேட்காது.

நம் பேச்சில் மருந்து கேட்கும்,
இல்லாவிட்டால் கேட்காது.
எந்தக் கிருமிக்குக் காது இல்லை என்பதையும்
அதே இரண்டு மணிக்குள் சொல்லிவிடுகிறது இது.

அழைத்தேன். அணைத்து வைத்திருந்தார்.
நாலரைக்கு யாரோ எடுத்தார்கள்.
ஆவுடையப்பனா?
"நஹி. ராங் நம்பர்."
வைப்பதற்குள் இருமல் முந்திக்கொண்டது:
மூன்று படி ஏறி, நின்று,

அவசரமாய்த் தமிழுக்கு மாறினேன்.
"அண்ணே, வெச்சிராதீங்க.
யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.
இதுக்கு வேற மாத்திரை இருக்கு."

அந்தப் பக்கம்
கொப்பரை மூடி திறக்கிற சத்தம், ஆவி.
பதில் இல்லை.
துண்டிக்கவும் இல்லை.
என் கைபேசியில் விநாடி ஓடுகிறது,
நாற்பத்தொன்று,
நாற்பத்திரண்டு.