எண்ணும் குழாய்

நெடுஞ்சாலையிலிருந்து பதினோரு மைல்.
கடைசி நான்கும் சரளை.
மாநிலப் பூங்கா என்ற பலகையில்
மூன்று தோட்டா ஓட்டைகள்.
மேல் ஓட்டையில் ஒரு குளவி
வாடகை தராமல் குடியிருக்கிறது.

வருகிறவர்களில் பாதிப்பேர் வழி தவறியவர்கள்.
எஞ்சினை அணைக்காமல்,
மலையில் முகம் செதுக்கிய இடம்
இன்னும் எவ்வளவு தூரம் என்பார்கள்.
மேற்கே நான்கு மணி நேரம் என்பேன்.
அப்படியானால் கழிப்பறை?
அது இங்கேயே உண்டு.
அவர்களும் கணக்கில் சேர்வார்கள்.

கணக்கு என்றால்
வாசலில் சாலைக்குக் குறுக்கே கிடக்கும்
கறுப்பு ரப்பர் குழாய்.
சக்கரம் ஏறினால் காற்று ஓடிப்போய்
பெட்டிக்குள் ஓர் எண்ணைத் தள்ளும்.
இரண்டு தட்டுக்கு ஒரு வண்டி.
மாதம் முந்நூறு தேறாவிட்டால்
வாசலுக்குச் சங்கிலி என்று
லிங்கனிலிருந்து கடிதம்.

ஜூனில் நூற்றுத் தொண்ணூறு.
ஜூலையில் முந்நூற்று முப்பத்தாறு!
"நல்ல முன்னேற்றம், ஆர்டிஸ்" என்று
தலைமையகம் ஒரு வரி எழுதியது.
நான் வாய் திறக்கவில்லை.
ஹ்ராடெக்கி பண்ணையின் வேலி அறுந்த இரவில்
நாற்பத்தொரு கிடேரிகள்
குழாயைக் கடந்து உள்ளே போயின.
விடிந்ததும் அதே வழியாக
அதே அவசரமின்மையோடு திரும்பின.
மாட்டுக்கு நான்கு கால்.
மிதித்தது எத்தனையோ, தாண்டியது எத்தனையோ,
பெட்டிக்குத்தான் தெரியும்.

ஆகஸ்டில் ஓர் ஆளையே அனுப்பிவிட்டார்கள்.
மெரில் ஓஸ்டர்ஹவுஸ்,
பளபளக்கும் அலுவலகச் செருப்பு,
கையில் அட்டை வைத்த காகிதம்.
"இங்கே பார்க்க என்ன இருக்கிறது?"

என்னிடம் நல்ல பதில் இருந்ததில்லை.
அருவி ஒன்று இருக்கிறது,
என் தொடை அகலம்.
சுற்றிலும் புல், வெயிலில் வறுபட்டு,
வானம் முடியும்வரை புல்.
அன்று நூற்றிரண்டு டிகிரி.
வாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

பள்ளத்துக்கு எண்பத்து மூன்று மரப்படிகள்.
முப்பதாவதில் காற்று நின்றது.
ஐம்பதில் அவர் எதையோ கேட்க வந்து
கேட்காமல் விட்டார்.
எழுபதில் ஈரம், முதலில் மூக்குக்கு,
பிறகு காதுமடலுக்கு.
வடக்கு பார்த்த சரிவு;
பாறைக்கு இடுக்கிலெல்லாம் ஊற்று கசிகிறது.
பாசி, பெரணி,
அங்கே அந்த பிர்ச் மரங்கள்.
பனிப்பாறை வடக்கே திரும்பிய நாளில்
உடன்போகாமல் நின்றுவிட்டவை.
வெள்ளைத் தோல் சுருள் சுருளாய் உரிந்து தொங்க,
சுற்றியிருக்கும் நாட்டுக்கு
அவற்றின் பெயரே தெரியாது.

"எத்தனை?" என்றார். தொழில் பழக்கம்.
பதினேழு. போன வருடம் பத்தொன்பது.

அவர் அதை எழுதவில்லை.
பாசியில் கையை வைத்தார்.
மீன்கொத்தி ஒன்று எங்களைத் திட்டிக்கொண்டே
பள்ளத்தின் நீளத்துக்குப் பறந்தது.
"இந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது?"
கீழேயிருந்து.
நனைந்த கையைக் கடைசிவரை
கால்சட்டையில் துடைக்கவேயில்லை.

மேலே வந்து, கைகுலுக்கி,
நல்லதாகவோ கெட்டதாகவோ எதுவும் சொல்லாமல்
வண்டியை எடுத்தார்.
நான் கழிப்பறை கழுவப் போய்விட்டேன்.

அந்தியில் பெட்டியைத் திறந்தேன்.
அவர் வந்தது ஒன்று, போனது ஒன்று.
வேறு யாரும் வராத நாள்.
இரண்டு ஏறியிருக்க வேண்டும்.
ஏறியிருந்தது பதினான்கு.

மான் என்று நினைத்தேன்.
மான் குழாயை மிதிக்காது, தாவிவிடும்.
கைவிளக்கை அடித்துச் சரளையைப் பார்த்தேன்.
ஒரே டயரின் வரிகள்,
முன்னும் பின்னுமாக,
ஒன்றன்மேல் ஒன்று,
எழுதிப் பழகும் பிள்ளையின் நோட்டுப்போல.

வழி தெரியாமல் திரும்பியிருக்கலாம்.
தொப்பியை மறந்திருக்கலாம்.
தொப்பி போட்டிருந்தாரா என்றே ஞாபகமில்லை.

செப்டம்பர் பாதி போய்விட்டது.
முடிவுக் கடிதம் வரவில்லை.
சங்கிலி மட்டும் முந்திக்கொண்டு
பார்சலில் வந்து சேர்ந்தது, பூட்டோடு.
நல்ல கனமான சங்கிலி.
அதைக்கொண்டு குப்பைத்தொட்டி மூடியைக்
கட்டிவைத்திருக்கிறேன்.
ரக்கூன்களுக்குத்தான் என்மேல் கோபம்.