பாகம் எண் 163

சத்துமாவு கிண்டி, முட்டை உரித்து,
பிள்ளைகளைத் தூங்கப் போட்ட மதியங்களில்
நான் தேர்தல் ஆணையம்.
கழுத்தில் அட்டை, கையில் பட்டியல்.
பேனா மட்டும் என் காசு.

வாய்க்காலுக்குத் தெற்கே நாற்பத்தாறு வீடு ஒரு தொகுதி.
வடக்கே ரேஷன் கடை, பஸ் நிற்கும் இடம், சுடுகாடு
எல்லாம் வேறு தொகுதி.
வரைபடத்தில் வாய்க்கால் நேராகத்தான் போகிறது.
இங்கே ஓர் உடைமரத்துக்காக வளைந்து
முப்பிடாதியின் அடுப்படியைத் தெற்கிலும்
ஆட்டுக்கொட்டிலை வடக்கிலும் விட்டிருக்கிறது.
"எங்க ஆடு யாருக்கு டீச்சர் ஓட்டுப் போடும்?" என்பாள்.
வெள்ளத்துக்கு முந்தி.

அந்த மார்கழி ராத்திரி வாய்க்கால் எது, ஆறு எது
என்று தெரியவில்லை.
விடிந்தபோது செய்யதலி பாத்து வீட்டு மொட்டை மாடியில்
முப்பது பேர் நின்று கைகாட்டினோம்.
படகில் வந்த பையன் கேட்டான்:
"நீங்க எந்தப் பக்கம்?"
தெற்கு.
"எங்கள வடக்குக்குத்தான் அனுப்பிருக்காவ."
பாவம், பிஸ்கட் பாக்கெட்டுகளை எறிந்துவிட்டுத்தான் போனான்.
இரண்டு மாடியில் விழுந்தன.

இருட்டிலேயே ஆட்டை அவிழ்க்கப் போயிருந்தான் சொரிமுத்து.
தெற்கிலிருந்து வடக்குக்கு, பத்தடி.
ஆடுகள் மூன்றாம் நாள் கோயில் மதிலோரம் கிடைத்தன.

வரிசை எண் 418.
வயது நாற்பத்து நான்கு.
நீக்குவதற்கு என் படிவத்தில் மூன்று கட்டம்:
இறந்தவர். குடிபெயர்ந்தவர். இரட்டைப் பதிவு.
இறந்தவர் என்றால் சான்றிதழ் எங்கே என்கிறது தாலுகா.
சான்றிதழுக்கு உடல் வேண்டும்;
உடல் இல்லையென்றால் ஏழு வருஷம் வேண்டும்.
"குடிபெயர்ந்தவர்னு போட்டு முடிங்கம்மா" என்றார் மேற்பார்வையாளர்.
எங்கே என்று எழுத ஒரு வரி விட்டிருந்தது.
அதைக் காட்டினேன்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

ஏஜெண்டு ஐகோர்ட்துரை தெருவில் நின்று சத்தம் போட்டான்:
"செத்த ஆளு பேரு லிஸ்டுல எதுக்கு?
கள்ள ஓட்டுக்குத்தானே?"
பீடி இலை வெட்டிக்கொண்டிருந்த முப்பிடாதி
கத்தரியை நிறுத்தவில்லை.
"செத்துட்டாருன்னு நீரு எழுதிக் கையெழுத்துப் போடுதீரா வே?
அந்தக் காயிதத்தக் கொண்டுபோயி
நிவாரணத்தயாவது வாங்கிக்கிடுதேன்."
அவன் வண்டியை உதைத்தான்.
மூன்றாவது உதையில்தான் அது கிளம்பியது.

ஓட்டுச் சீட்டு கொடுக்கப் போனேன்.
ஒன்றை நீட்டினேன். வாங்கிக்கொண்டு
கையை மடக்காமலே வைத்திருந்தாள்.
"அவருக்கு?"
வாங்கியவர் பெயர், வாங்கியவர் உறவு.
மனைவி என்று நான் எழுத
புகையிலைத் தூளோடு ரேகை வைத்தாள்.
"ரெண்டு பேருக்கும் ஒரே பூத்துதானா?"
ஆமா என்றேன். எங்கள் அங்கன்வாடிதான்.
ஆயிரம் பீடி அடுக்கிய சுளகுக்கு அடியில்
இரண்டையும் சேர்த்து வைத்தாள்.

முந்தின நாள் சுவர்ப் படங்களை மறைக்கச் சொன்னார்கள்.
அ, ஆ-வோடு நின்ற மாம்பழம், தாமரை, யானை
எதுவும் கண்ணில் படக்கூடாதாம்.
பழைய பேப்பரும் பசையும் வாங்கினேன்.
"யானைக்குக் காய்ச்சலா டீச்சர்?" என்றது ஒரு பிள்ளை.

சாயங்காலம் பெட்டிக்கு அரக்கு வைத்தபின்
அலுவலரின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.
417-க்குக் கீழே சிவப்புக் கோடு,
பெண் என்பதால் பக்கத்தில் ஒரு டிக்.
418 வெறுமனே இருந்தது.
அவனாக வந்து யாரும் நிற்கவில்லை.
ஐகோர்ட்துரையின் ஆட்கள்கூட.

லாரி போனது. தொட்டில் கம்பியைத் திரும்ப மாட்டினேன்.
பேப்பரைக் கிழித்தபோது யானையின் தும்பிக்கை
பசையோடு கையில் வந்துவிட்டது.
திங்கட்கிழமை கேட்பார்கள்.