நாலு மீட்டரில் மச்சான்

ஆடிக் காற்றில் கடல் அடைத்துக் கிடந்த வாரம்
கூத்தங்குழி ஆட்கள் பதினோரு பேரை
வேனில் ஏற்றிப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள்,
நீச்சல் குளத்தில் தண்ணீர் பழக.
ராதாபுரம் தாண்டுகிறவரை சிரிப்பு அடங்கவில்லை.

பாரில் சிக்கிக் கிடக்கும் செத்த வலைகளை
அறுத்தெடுக்கிற வேலை. நாள் கூலி.
காற்றுக் குப்பி கட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

சொல்லித்தர வந்தவள் மேலப்பாளையத்து நசீஹா.
என் மூத்த மகளைவிட இரண்டு வயது கூட இருக்கும்.
முதல் பாடத்தை மூன்று தரம் சொன்னாள்:
"என்ன ஆனாலும் மூச்சை மட்டும் அடக்காதீங்க."
சங்கு குளித்த கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
இத்தனை நாள் சோறு தின்றதே
அடக்கிய மூச்சில்தான்.
"மேல வர வர உள்ள இருக்க காத்து விரியும், அண்ணே.
அடக்குனா நெஞ்சுக்குள்ளயே கிழியும்."

பிறகு சோடி சேர்த்தாள்.
பட்டியலில் பெயர் அடுத்தடுத்து வந்த பாவத்துக்கு
எனக்கு ரெமிஜியூஸ் வாய்த்தான்.
என் தங்கச்சியைக் கட்டியவன்.
எஞ்சின் விற்ற காசில் மூன்று வருசமாய்ப் பேச்சில்லை.

நீல ஓட்டின்மேல் முழங்கால் போட்டோம்.
பாசி இல்லை, மீன் இல்லை, உப்பு இல்லை,
யாரோ தொலைத்த தலைமுடிக் கிளிப் ஒன்று.
பேசாதிருக்க
இதைவிடத் தோதான இடம் கிடையாது.

கண்ணாடிக்குள் தண்ணீர் விடு. அண்ணாந்து பார்.
மூக்கால் ஊதி வெளியேற்று.
குளோரின் எரித்தது. அழுத முகம் மாதிரி இருந்திருக்கும்.
நல்லாத்தான் இருக்கேன் என்று கட்டைவிரலை நிமிர்த்தினேன்.
தண்ணீருக்குள் அதற்கு 'மேலே போவோம்' என்று அர்த்தம்.
மறந்துபோனேன். அவன் மறக்கவில்லை.
தோள்வாரைப் பிடித்து என்னைத் தூக்கத் தொடங்கிவிட்டான்.
நசீஹா வந்து இரண்டு பேரையும் இழுத்து உட்காரவைத்து
என் விரலை வளைத்து வட்டமாக்கிக் காட்டினாள்.
நலம் என்றால் இது.

அடுத்து, காற்று தீர்ந்தவன் பாடம்.
தீர்ந்தவன் நான்.
வாய்க்குழாயைக் கழற்றிவிட்டுக்
கழுத்தைக் கையால் அறுத்துக் காட்ட வேண்டும்.

குருசடி முன்னால், ஊரே பார்க்க,
இதே சைகையை இதே ஆளுக்கு
ஒருதரம் காட்டியிருக்கிறேன்.

சின்னச் சின்னக் குமிழியாய் விட்டுக்கொண்டே
அறுத்துக் காட்டினேன்.
அவன் அசையவில்லை.
ஒரு கணந்தான். தண்ணீருக்குள் அதை எண்ணலாம்.
ஏழு குமிழி.
பிறகு மஞ்சள் குழாயை நீட்டினான்,
என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டு.
ரப்பர் ருசி. ஒரே குப்பியில் இரண்டு பேர் இழுத்தோம்.
யார் எவ்வளவு இழுத்தோம் என்று
குப்பியின் முள்ளுக்குத் தெரியாது.

மிதப்பு கடைசியில்.
குப்புறப் படுக்கணும், துடுப்பு நுனி மட்டும் தரையில்.
இழுத்தால் நெஞ்சு எழும்பும், விட்டால் இறங்கும்.
இரண்டுக்கும் நடுவில் ஓரிடம் இருக்கிறதாம்,
மேலும் போகாது கீழும் போகாது.
ரெமிஜியூஸ் அதைச் சட்டென்று கண்டுபிடித்துவிட்டான்.
சம்மணம் போட்டு நடுத்தண்ணீரில் இருந்தான்.
ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்கூட
இப்படிச் சும்மா இருந்த ஆளில்லை.
நான் கல்லாய் இறங்கினேன்.
ஜாக்கெட்டில் காற்றை அடித்துத் தக்கையாய்க் கிளம்பினேன்.
மறுபடி கல். மறுபடி தக்கை.

கரையேறி ஈரச் சிமென்ட்டில் உட்கார்ந்து
வாரை அவிழ்க்கும்போது பக்கத்தில் நிழல் விழுந்தது.
"ரெண்டு கட்டி கூடுதலா கட்டிருக்கீரு."
குனிந்து, என் வாரிலிருந்து
ஈயக்கட்டி இரண்டை உருவித் தரையில் வைத்தான்.
போய்விட்டான்.
எஞ்சின் காசைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

திரும்பும்போதும் அவன் முன் சீட்டு, நான் கடைசி.
அவன் பிடரியில் கண்ணாடிப் பட்டை அழுத்திய தடம்
நாங்குநேரிவரை மாறவில்லை.
வெளியே காற்றாடிகளை முறுக்கிக்கொண்டு
அவ்வளவு காற்று.
மூச்சை அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன் என்பதை
வள்ளியூர் தாண்டித்தான் கவனித்தேன்.
விட்டேன்.