மூன்றாம் மாடி, மொரோக்கோ

ஹோட்டலுக்கு ஐந்து மாடி.
மாடிக்கொரு நாடு வேண்டும் என்றார் டில்ருக்.
ஜப்பான், மெக்சிக்கோ, மொரோக்கோ, துருக்கி,
உச்சியில் பெரு.
"நீங்கள் எல்லாம் போய்ப் பார்த்திருப்பீர்கள்தானே?"
நான் தலையாட்டிய விதத்தை
ஆம் என்றும் எடுக்கலாம்
இல்லை என்றும் எடுக்கலாம்.

என் கடவுச்சீட்டில் ஒரேயொரு பயணம்.
மதுரை. அதுவும்
மச்சாளின் கண் ஒப்பரேஷனுக்கு.

கணினியைத் திறந்தால் வந்து கொட்டுகிறது மொரோக்கோ.
நீலக் கதவு, பித்தளை விளக்கு,
எட்டு முனை நட்சத்திரம், மறுபடி நீலக் கதவு.
கழுவித் துடைத்துக் கவிழ்த்த பீங்கான்கள்.
ஒரு விரல் அடையாளம் கிடையாது.
மூடி வைத்துவிட்டு
கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறினேன்.

சாரதியின் தலைக்கு மேல்
புத்தருக்கு ஒரு மின்குமிழ் மாலை.
இளஞ்சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை,
பச்சைக்குப் பக்கத்தில் ஊதா.
நாலு வருடம் டிசைன் படித்த எனக்கு
வராத துணிச்சல்.
குறித்துக்கொண்டேன்.

இரண்டாம் குறுக்குத்தெருவில்
செம்பள்ளிவாசல் சிவப்பும் வெள்ளையுமாய்
யாரிடமும் அபிப்பிராயம் கேட்காமல் நிற்கிறது.
அதன் நிழலில் ஒருவர்
அன்னாசியின் கண்களைக் கத்தியால் எடுக்கிறார்.
நேராக அல்ல, சுழன்று சுழன்று.
பழம் ஒரு படிக்கட்டாகிறது.
"என்ன பாக்கிறீங்க, வாங்கிறீங்களா?"
வாங்கினேன். மிளகாய்த்தூள் உதட்டில் எரிய எரிய
அந்தப் படிக்கட்டை வரைந்தேன்.
(அது பிறகு துருக்கி ஆனது.)

கொம்பனித்தெருவில் மழை பிடித்துக்கொண்டது.
பூட்டிய கடையொன்றின் தகரத்துக்குக் கீழே
நானும் ஒரு நாயும்
ஒரு பீட்ஸா விநியோகப் பொடியனும்.
எதிரே ஒரு ஜன்னல்.
இரும்புக் கம்பிகள், பச்சை மை உரிந்த இடத்தில் நீலம்,
நீலம் உரிந்த இடத்தில் பெயரில்லாத ஏதோ.
கட்டத்துக்கொரு மொட்டு, மொட்டுக்கு நாலு சுருள்.
இடப்பக்க மூலையில் மட்டும்
ஒரு சுருள் வெளியே வளைந்து
தெருவுக்கு நாக்கு நீட்டியது.

கையில் இருந்தது மின்சாரக் கட்டணச் சீட்டு.
அதன் முதுகில் வரைந்தேன்,
நாக்கையும் சேர்த்து.

மூன்றாம் மாடி நடைக்கூடத்தில்
செங்கல் நிறத்தில் அது எண்பத்துநாலு தடவை வந்தது.
டில்ருக் சுவரைத் தடவினார்.
"இதுதான் அசல். போனவர்களுக்குத்தான் இது வரும்."

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருக்க
பெயின்ட் காய்ந்ததா பார்க்கப் போனேன்.
துடைப்பமும் வாளியுமாய்
ரெய்ஹானா என்ற பெண்
சுவர் முன்னால் அசையாமல் நின்றாள்.

"இது எங்கட ஜன்னல்."

"மொரோக்கோ," என்றேன். குரல் எழும்பவில்லை.

"அது எங்க ஈக்கிதோ எனக்குத் தெரியா.
இது எங்கட. கொம்பனித்தெரு.
இந்த மூலைய வளைச்சது எங்கட மகன்.
எதிர்வீட்டு டீவில மெட்ச் பாக்க
கால் வெச்சு ஏறினான்.
அன்டைக்கு வாப்பாட்ட வாங்கின அடி!"

ஈரக் கையால் ஒவ்வொன்றாகத் தொட்டு
எண்ணிக்கொண்டு போனாள்.
பதினேழில் விட்டுவிட்டுச் சிரித்தாள்.
"எத்தின தரம் ஏறீக்கான் பாருங்க."

சுவர் முழுக்க ஒரு பையன்
எண்பத்துநாலு ஜன்னலில் தொற்றிக்கொண்டு
யாரோ ஒருவரின் சிக்ஸருக்காகக்
கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தான்.
இனி எனக்கு அது
வேறு விதமாகத் தெரியப் போவதில்லை.

"அழித்துவிடவா?" என்றேன்.
"ஏன்? அந்த வளைவில தூசி புடிக்கும்.
நான் பாத்துக்கிறேன்."

வாளியைத் தூக்கியவளிடம்
வெட்கத்தை விட்டுக் கேட்டேன்:
மேலே ஒரு மாடி இன்னும் வெறும் சுவர்.
பெரு என்று ஒரு நாடு.
அதற்கு எங்கே போகலாம்?

"தெமட்டகொட," என்றாள், யோசிக்காமல்.
"எங்கட மச்சிட வீட்டுக் கேட்டப் போய்ப் பாருங்க."