கரிக்காத தண்ணீர்

பம்ப் ஓடுகிறது, வெறும் காற்றைத் துப்புகிறது.
உள்ளே சொட்டு ஈரமில்லை.
ஆனாலும் அமரம் தாழ்ந்து
அணியம் வானம் பார்க்கிறது,
கல்யாணச் சாப்பாடு முடித்தவன்
நாற்காலியில் சரிந்த மாதிரி.

"மாண்ட்வாவுக்கு முன்னே நாற்பது நிமிஷம், தவசி பாய்.
இப்போ ஒரு மணி நேரம். பெட்ரோலை மட்டும் குடிக்குது."
கெர்ஸி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தாருகானாவில் கிரேன் தராசில் தொங்கவிட்டோம்.
காகிதத்தில் எழுநூற்று இருபது கிலோ.
முள் நின்றது ஆயிரத்து நாற்பதில்.
காலிப் படகில்
நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்
டிக்கெட் எடுக்காமல்.

ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தேன்.
அணியத்தில் டங்.
நடுவில் டங்.
அமரத்துக்கு மூன்று சாண் முன்னால்
டொக்.

இரட்டை ஓடு இந்தப் படகுக்கு.
நடுவில் மஞ்சள் ஃபோம் ஊற்றி மூடியிருப்பார்கள்,
கவிழ்ந்தாலும் மிதக்கட்டும் என்று.
மிதக்க வைத்ததுதான் இப்போது அமிழ்த்துகிறது.
ஒருமுறை குடித்துவிட்டால்
வெயிலில் போட்டாலும் அது கக்காது.

இருப்பதிலேயே கீழான இடத்தில் டிரில்லை வைத்தேன்.
முதல் ஓட்டையில் தூள்தான்.
இரண்டாவதில் டீ நிறத்தில்
பென்சில் தடிமனுக்கு வந்தது.
முனவ்வர் பக்கெட் வைத்தான். மாற்றினான். மாற்றினான்.
அப்புறம் பக்கெட்டை ஓரமாகக் கவிழ்த்து
அதன்மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான்.

அழுகின பிளைவுட் வாடை. பழைய ரெசின்.
ஒரு எலிகூட இருந்திருக்கலாம்.
எனக்கொரு வழக்கம்,
விரலில் தொட்டு நாக்கில் வைப்பேன்.
கரித்தால் கடல்; விரிசல் அடியில்.

கரிக்கவில்லை.
வேறு ஓட்டையில் தொட்டேன்.
கரிக்கவில்லை.

அப்படியென்றால் மழை.
மேலேயிருந்து இறங்கியது.

ஏணி போட்டு ஏறினேன்.
பின் இருக்கையைப் பிடித்திருந்த எட்டு ஸ்குரூ.
ஐந்தில் வெள்ளை சீலன்ட்
பல்லில் ஒட்டிய மிட்டாய்போல் இழுபட்டு வந்தது.
மூன்றில் துரு மட்டும்.

அந்த மூன்றையும் எனக்குத் தெரியும்.
ஒன்பது வருஷம் முன், மே கடைசி,
மழைக்கு முந்தின கடைசி ஞாயிறுக்காக
கெர்ஸி அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.
ட்யூப் தீர்ந்தது. ரே ரோடில் கடை சாத்தியாயிற்று.
நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று
இறுக்கினேன்.
நன்றாகவே இறுக்கினேன்.

ஒன்பது ஆடி ஆவணி.
நான் லோக்கலில் நின்றபடி தூங்கிய இரவுகளிலும்
தாராவி வீட்டுக்கு மேல்தட்டு எழுப்பிய வருஷத்திலும்
ரத்தத்தில் சர்க்கரை என்று சீட்டு வந்த அன்றும்
கிழிந்த தார்ப்பாய்க்குக் கீழே
அது தன் வேலையைப் பார்த்திருக்கிறது.
ஒருநாள் லீவு போட்டிருக்காது.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பானாம்.
நான் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு
ஒரு கல் உப்பாவது இருந்துவிடாதா என்று
மூன்றாம் முறையும் நாக்கை நீட்டினேன்.
முனவ்வர் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை.

கெர்ஸிதான் போனில் கேட்டார்:
"கடல் எந்த வழியா வருது, கண்டுபிடிச்சீங்களா?"

"கடல் இல்லே சார். மேலேயிருந்து வந்திருக்கு."

சிரித்தார்.
"மேலேயிருந்து வர்றதுக்கு நாம என்ன செய்ய முடியும், பாய்?"

அங்கேயே விட்டிருக்கலாம்.
நல்ல வாசல். திறந்தும் இருந்தது.

"மூணு ஸ்குரூ சார்," என்றேன்.
"சீலன்ட் வைக்காமப் போட்டிருக்கு.
போட்டது நான்."

அந்தப் பக்கம் ஒரு மின்விசிறி சுற்றும் சத்தம்.
யாரோ பாத்திரம் வைத்தார்கள்.
இந்தப் பக்கம் சிமென்ட் தரையில்
சொட்டு, கொஞ்சம் பொறுத்து, சொட்டு.

"எத்தனை நாள் ஆகும்?" என்றார்.

தளத்தை அறுத்து ஃபோமைத் தோண்ட நாலு நாள்.
பிறகு காய வேண்டும்.
காய்வதற்குக் கணக்கு என்னிடம் இல்லை
என்பதையும் சொன்னேன்.